டெல்லி தோற்றதா, புதுச்சேரி ஜெயித்ததா? விளையாட்டுச் செய்தியில் பாரபட்சம் நிஜமா, பிரமையா? முழு விளக்கம்

2024 ஜனவரி. டெல்லி அருண் ஜேட்லி மைதானம். ரஞ்சிக் கோப்பை சீசனின் முதல் ஆட்டத்திலேயே பெரிய அதிர்ச்சி. 7 முறை கோப்பை வென்ற டெல்லி அணியை, அதன் சொந்த மண்ணிலேயே 9 விக்கெட் வித்தியாசத்தில் தோற்கடித்தது புதுச்சேரி. வேகப்பந்து வீச்சாளர் கௌரவ் யாதவ் முதல் இன்னிங்ஸில் மட்டும் 7 விக்கெட்டுகளைச் சாய்த்தார்.

ரஞ்சியில் 2018-19 சீசனில்தான் காலடி வைத்த அணிக்கு இது எவ்வளவு பெரிய வெற்றி! ஆனால் நாடு முழுக்கப் பேசப்பட்ட செய்தி வேறு. டெல்லி அணியின் கேப்டன் பதவியிலிருந்து யஷ் துல் நீக்கப்பட்டார் என்பதுதான் அது. டெல்லிக்கு என்ன ஆச்சு, டெல்லி கிரிக்கெட்டில் என்ன பிரச்சினை, அடுத்து யார் கேப்டன் என்று விவாதம் அந்தப் பக்கமே போனது.

அரியாங்குப்பத்தில் உட்கார்ந்து இந்தச் செய்தியைப் பார்க்கும் ஒரு ரசிகருக்கு வரக்கூடிய கேள்வி ரொம்ப எளிமையானது. "ஜெயிச்சது நம்ம டீம். நியூஸ்ல ஏன் தோத்த டீமையே காட்டுறாங்க?"

இந்த ஆதங்கம் புதுச்சேரிக்கு மட்டும் சொந்தமானது அல்ல. அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்து ரசிகர்கள் ஒவ்வொரு மார்ச் மாதமும் இதே சண்டையைப் போடுகிறார்கள். ஒரு காலத்தில் இந்திய கிரிக்கெட்டில் பம்பாயை நோக்கி மற்ற மாநிலங்கள் இதே குற்றச்சாட்டை வைத்தன. இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு நம் கண்ணோட்டம்? விரிவாகப் பார்க்கலாம்.

எதை பாரபட்சம் என்று சொல்கிறோம்?

"மீடியா ஒருதலைப்பட்சமா இருக்கு" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் இதற்குள் 3 தனித்தனி புகார்கள் இருக்கின்றன. பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

• தேர்வு: எந்த ஆட்டத்தைக் காட்டுவது, எதை விட்டுவிடுவது. ஒரே நாளில் பல ஆட்டங்கள் நடந்தால் கேமரா எங்கே போகிறது என்பது முதல் கேள்வி.

• அளவு: காட்டினால் எவ்வளவு நேரம்? ஒரு அணிக்கு 3 நிமிடத் தொகுப்பு, இன்னொரு அணிக்கு திரையின் அடியில் ஓடும் ஒரு வரி ஸ்க்ரோல்.

• சொல்லும் விதம்: "டெல்லியை வீழ்த்திய புதுச்சேரி" என்பதும் "புதுச்சேரியிடம் மண்ணைக் கவ்விய டெல்லி" என்பதும் ஒரே ஆட்டம்தான். ஆனால் முதல் தலைப்பின் நாயகன் வேறு, இரண்டாவதின் நாயகன் வேறு.

2024 ஜனவரி ஆட்டத்தில் நடந்தது மூன்றாவது வகை. செய்தியை யாரும் மறைக்கவில்லை. ஸ்கோர் எல்லா இடத்திலும் வந்தது. ஆனால் கதை டெல்லியின் கதையாகச் சொல்லப்பட்டது. அதில் புதுச்சேரி ஒரு பக்கக் கதாபாத்திரம், அவ்வளவுதான்.

புதுச்சேரி அணி எங்கே நிற்கிறது?

2018-19 சீசனுக்கு முன்பு ரஞ்சிக் கோப்பையில் புதுச்சேரி என்ற பெயரில் அணியே கிடையாது. அந்த ஆண்டு ஒரே அடியாக 9 அணிகள் சேர்க்கப்பட்டன. அருணாச்சலப் பிரதேசம், பீகார், மணிப்பூர், மேகாலயா, மிசோரம், நாகாலாந்து, சிக்கிம், உத்தராகண்ட் ஆகியவற்றுடன் புதுச்சேரியும் வந்தது. மொத்த அணிகள் 37 ஆயின.

இந்தப் புதிய அணிகள் எல்லாம் 'பிளேட்' என்ற தனிப் பிரிவில் போடப்பட்டன. மும்பை, கர்நாடகா, தமிழ்நாடு போன்றவை 'எலைட்' பிரிவில். பெயரிலேயே வித்தியாசம் தெரிகிறது. எலைட் என்றால் மேட்டுக்குடி. பிளேட் ஆட்டங்களில் பெரிய ஸ்கோர் அடித்தால், "எதிரணி யாருன்னு பாருங்க" என்ற பதில் உடனே வந்துவிடும்.

2022-23 சீசனில் எலைட் பிரிவு 32 அணிகளாக விரிந்தபோது புதுச்சேரியும் மேலே வந்தது. அதன் பிறகு கேரளா, கர்நாடகா, டெல்லி, மும்பை போன்ற அணிகளோடு வெவ்வேறு சீசன்களில் ஒரே குழுவில் ஆடும் நிலை வந்தது. துத்திப்பட்டில் உள்ள சீகெம் மைதானம் அதன் சொந்தக் களம்.

கணக்கைப் பாருங்கள். எலைட்டில் 32 அணிகள், பிளேட்டில் 6 அணிகள் என்றால் ஒரு சுற்றில் ஒரே சமயத்தில் 19 ஆட்டங்கள் நடக்கும். ஒவ்வொன்றும் 4 நாள். இவற்றில் நேரலைக்கு எடுத்துக்கொள்ளப்படுவது விரல்விட்டு எண்ணக்கூடியவை. மீதி ஆட்டங்கள் ஸ்கோர்கார்டோடு முடிந்துவிடும்.

அதாவது, விடுபடுவது புதுச்சேரி மட்டும் அல்ல. பெரும்பாலான அணிகள் விடுபடத்தான் செய்கின்றன. எந்த அணிகள் திரும்பத் திரும்ப உள்ளே வருகின்றன என்பதில்தான் பிரச்சினை இருக்கிறது.

அதே மைதானம், ஒரு வருஷம் கழித்து

புதுச்சேரி ஜெயித்த அதே அருண் ஜேட்லி மைதானத்தில், ஒரு வருடம் கழித்து, 2025 ஜனவரி 30-ஆம் தேதி டெல்லியும் ரயில்வேஸும் மோதின. பல ஆண்டுகளுக்குப் பிறகு ரஞ்சி ஆட வந்தார் விராட் கோலி. விடியற்காலையிலேயே வாசலில் கூட்டம். உள்ளூர் ஆட்டத்துக்கு இப்படியா என்று எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள்.

முதலில் நேரலைப் பட்டியலில் இல்லாத அந்த ஆட்டம், கோலி ஆடுகிறார் என்றதும் சேர்க்கப்பட்டது. அவர் 6 ரன்னில் ரயில்வேஸ் வீரர் ஹிமான்ஷு சங்வான் பந்தில் போல்டானார். ஒரே நாளில் சங்வான் நாடறிந்த பெயரானார்.

இந்த இரண்டு ஆட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். கேமரா டெல்லி அணியைத் தேடிப் போகவில்லை, கோலியைத் தேடிப் போனது. இதை டெல்லி மீதான பாசம் என்றோ புதுச்சேரி மீதான வெறுப்பு என்றோ சொல்ல முடியாது. ஆனால் விளைவு என்ன? நட்சத்திரம் இருக்கும் அணிக்கு மேலும் வெளிச்சம், இல்லாத அணிக்கு இருட்டு. வேண்டுமென்றே யாரும் செய்யாவிட்டாலும் நடக்கும் பாரபட்சம் இது.

பணம் எங்கே, கேமரா அங்கே

இந்தியாவின் சொந்த மண் சர்வதேச ஆட்டங்கள், உள்ளூர் கிரிக்கெட் ஆகியவற்றின் ஒளிபரப்பு உரிமையை 2023-இல் வயாகாம்18 நிறுவனம் ரூ.5,963 கோடிக்கு வாங்கியது. 2028 வரைக்குமான இந்த ஒப்பந்தத்தில் 88 சர்வதேச ஆட்டங்கள் கணக்கு. அவ்வளவு பணம் வந்ததே அந்த 88 ஆட்டங்களுக்காகத்தான். ரஞ்சி அதோடு சேர்ந்து வரும் கூடுதல் சரக்கு.

ஐபிஎல் இன்னொரு உலகம். 2023 முதல் 2027 வரையிலான 5 சீசனுக்கு ரூ.48,390 கோடி. அந்தத் தொகையைத் திரும்ப எடுக்க வேண்டிய நிறுவனம், வருடம் முழுக்க ஐபிஎல் முகங்களைப் பேசிக்கொண்டே இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

கபடியில் இது இன்னும் வெளிப்படை. புரோ கபடி லீக் 2014-இல் தொடங்கியது. அதை நடத்தும் மஷால் ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தில் 2015-இல் பெரும்பங்கை வாங்கியது ஸ்டார் இந்தியா. ஆட்டத்தை ஒளிபரப்புவதும் அதே ஸ்டார்தான். கடைக்காரரே சரக்கின் தரத்தைப் பற்றி விமர்சனமும் எழுதுவது போன்ற நிலை இது. தவறு நடக்கிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் அந்தச் சேனலில் லீக்கைப் பற்றி வரும் புகழ்ச்சியை, யார் சொல்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு கேட்பது நல்லது.

அமெரிக்காவில் இது எப்படி வெடிக்கிறது?

ஒளிபரப்பாளரின் பணமும் ரசிகரின் சந்தேகமும் நேருக்கு நேர் மோதும் இடத்தைப் பார்க்க வேண்டுமானால் அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்துக்குத்தான் போக வேண்டும்.

அங்கே முதல் நிலையில் 350-க்கும் மேற்பட்ட கல்லூரி அணிகள். இவை 'கான்ஃபரன்ஸ்' எனப்படும் குழுக்களாகப் பிரிந்திருக்கின்றன. நம் ஊரில் பல்கலைக்கழகப் போட்டிகள் தென்மண்டலம், வடமண்டலம் என்று பிரிந்திருப்பது போல வைத்துக்கொள்ளலாம். புதுச்சேரிப் பல்கலைக்கழகம் தென்மண்டலத்தில் ஆடுகிறது. ஒரு வித்தியாசம் உண்டு. நம் மண்டலங்களுக்குத் தனி டிவி ஒப்பந்தம் இல்லை. அமெரிக்காவின் பெரிய கான்ஃபரன்ஸ்கள் சேனல்களோடு கோடிக்கணக்கான டாலருக்குத் தனித்தனியாக ஒப்பந்தம் போடுகின்றன.

உதாரணத்துக்கு, தென்கிழக்கு மாநிலக் கல்லூரிகளின் எஸ்இசி குழுவின் ஆட்டங்கள் 2024-25 சீசனிலிருந்து முழுமையாக டிஸ்னியின் ஈஎஸ்பிஎன் கையில். 'பிக் டென்' குழு ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி பக்கம். எனவே ஈஎஸ்பிஎன் விவாதங்களில் எஸ்இசி அணிகளைப் புகழ்ந்தால், "அவங்க சரக்கை அவங்க விக்கிறாங்க" என்று மற்ற ரசிகர்கள் கொதிப்பார்கள்.

மார்ச் மாதம் நடக்கும் பெரிய போட்டியில் 2025-இல் 68 அணிகளுக்குத்தான் இடம் இருந்தது. 2025-இல் 31 இடங்கள் கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு நேரடியாகப் போயின. மீதி 37 இடங்களை ஒரு தேர்வுக் குழு முடிவு செய்தது. சண்டை முழுக்க இந்த 37 இடங்களைச் சுற்றித்தான்.

2025-இல் என்ன நடந்தது?

• எஸ்இசி குழுவின் 16 அணிகளில் 14 அணிகள் தேர்வாயின. இது சாதனை. முந்தைய சாதனை 2011-இல் 'பிக் ஈஸ்ட்' குழுவின் 11 அணிகள்.

• ஏசிசி குழுவுக்கு 4 இடங்கள்தான். இத்தனைக்கும் ஏசிசியின் தனிச் சேனலையும் நடத்துவது அதே ஈஎஸ்பிஎன்.

• கடைசி இடங்களில் ஒன்று வட கரோலினா பல்கலைக்கழகத்துக்குப் போனது. அந்தப் பல்கலையின் விளையாட்டுத் துறை இயக்குநர்தான் தேர்வுக் குழுவின் தலைவர். தன் அணியைப் பற்றிப் பேசும்போது உறுப்பினர் விலகியிருக்க வேண்டும் என்பது விதி. ஆனாலும் சந்தேகம் அடங்கவில்லை.

• இடம் கிடைக்காத மேற்கு வர்ஜீனியாவில் விவகாரம் அரசியல் மட்டத்துக்குப் போனது. மாநில ஆளுநரே பத்திரிகையாளர்களைக் கூட்டி, விசாரணை வேண்டும் என்றார்.

ஒரு கல்லூரி ஆட்டத்துக்கு இவ்வளவா என்று தோன்றலாம். காரணம் பணம். அந்தப் போட்டியில் ஒரு அணி ஆடும் கிட்டத்தட்ட ஒவ்வொரு ஆட்டமும் அதன் கான்ஃபரன்ஸுக்கு 6 ஆண்டுகளில் சுமார் 20 லட்சம் டாலர் பெற்றுத் தரும்.

சரி, முடிவு என்ன ஆனது? எஸ்இசியின் புளோரிடா அணிதான் 2025 சாம்பியன். அரையிறுதியில் ஆடிய 4 அணிகளில் 2 எஸ்இசி அணிகள். விமர்சிக்கப்பட்ட வட கரோலினா முதல் ஆட்டத்தில் சான் டியேகோ ஸ்டேட்டை 95-68 என்று நொறுக்கியது. அடுத்த ஆட்டத்தில் வெளியேறியது.

இங்கே கவனிக்க வேண்டிய பாடம் உண்டு. சேனலுக்கு லாப நோக்கம் இருந்தது உண்மை. எஸ்இசி அணிகள் பலமாக இருந்ததும் உண்மை. நோக்கம் இருக்கிறது என்பதாலேயே சொல்லப்படுவது பொய் ஆகிவிடாது. இடம் கொடுத்தது சேனல் அல்ல, தேர்வுக் குழு என்பதையும் மறக்கக் கூடாது. ஆத்திரத்தில் ரசிகர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

பம்பாய் லாபி: நம் ஊர் பழைய கணக்கு

இதே குழப்பம் இந்தியாவிலும் நீண்ட காலம் இருந்தது. "பம்பாய் ஆளா இருந்தா இந்தியா டீம்ல இடம், மெட்ராஸ் ஆளா இருந்தா இல்லை" என்பது தென்னிந்திய ரசிகர்களின் பழைய புலம்பல். பம்பாய் பத்திரிகைகள் தங்கள் ஊர் வீரர்களைத் தூக்கிப் பிடிக்கின்றன என்ற புகாரும் கூடவே வரும்.

ஆனால் 1958-59 முதல் 1972-73 வரை தொடர்ந்து 15 முறை ரஞ்சிக் கோப்பையை வென்றது பம்பாய். அப்படி ஒரு அணியிலிருந்து நிறைய பேர் தேர்வாவதில் வியப்பு இல்லை. அதே நேரம், மற்ற இடங்களில் இருந்த நல்ல வீரர்கள் கண்ணில் படாமல் போனார்களா என்ற கேள்வியும் நியாயமானதே. மண்டலத்துக்கு ஒருவர் என்று 5 தேர்வாளர்களை வைக்கும் முறை பல ஆண்டுகள் நீடித்ததே, எல்லாப் பகுதிக்கும் ஒரு கண் வேண்டும் என்பதால்தான்.

பலமான அணிக்கு அதிகக் கவனம் கிடைப்பது இயல்பு. அந்தக் கவனமே அதை மேலும் பலமாக்கினால், கீழே இருப்பவர் மேலே வர வழி எங்கே என்பதுதான் உண்மையான பிரச்சினை.

நம் கண்ணும் நம்மை ஏமாற்றுமா?

ஏமாற்றும். இதற்கு ஆய்வே இருக்கிறது.

1951 நவம்பரில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன், டார்ட்மவுத் கல்லூரிகளுக்கு இடையே ஒரு முரட்டுத்தனமான ஃபுட்பால் ஆட்டம் நடந்தது. பிரின்ஸ்டன் நட்சத்திர வீரருக்கு மூக்கு உடைந்தது. டார்ட்மவுத் வீரர் ஒருவருக்குக் கால் முறிந்தது. பிறகு ஆல்பர்ட் ஹேஸ்டார்ஃப், ஹேட்லி கேன்ட்ரில் என்ற இரு ஆய்வாளர்கள் அந்த ஆட்டத்தின் படச்சுருளை இரு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, தவறுகளை எண்ணச் சொன்னார்கள்.

ஒரே படம். ஆனால் டார்ட்மவுத் செய்த தவறுகள் என்று பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணியது, டார்ட்மவுத் மாணவர்கள் எண்ணியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. 1954-இல் வெளியான இந்த ஆய்வு இன்றும் பாடப்புத்தகங்களில் பேசப்படுகிறது.

1985-இல் ராபர்ட் வலோன், லீ ராஸ், மார்க் லெப்பர் ஆகியோர் இன்னொரு படி மேலே போனார்கள். 1982 லெபனான் படுகொலை பற்றிய ஒரே டிவி செய்தித் தொகுப்பை இஸ்ரேல் ஆதரவாளர்களுக்கும் அரபு ஆதரவாளர்களுக்கும் காட்டினார்கள். இரு தரப்புமே "இது எங்களுக்கு எதிரான செய்தி" என்றது. இதற்கு 'ஹாஸ்டைல் மீடியா எஃபெக்ட்' என்று பெயர். நடுவில் நிற்பவரும் நமக்கு எதிரியாகத் தெரியும் மனநிலை.

இந்த மனநிலை யாருக்கு அதிகம்? அக்கறை அதிகம் உள்ளவருக்குத்தான். புதுச்சேரி அணியைப் பற்றிக் கவலையே படாதவருக்குப் பாரபட்சமும் தெரியாது. நம்ம ஊர் என்று நினைப்பவருக்கு ஒவ்வொரு விடுபடலும் கண்ணில் குத்தும். பாராட்டிய 5 நிமிடம் மறந்துபோகும், கிண்டலடித்த 5 விநாடி நினைவில் நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. கசப்பான செய்தி எல்லாம் பாரபட்சம் ஆகாது. 2018 செப்டம்பரில், புதுச்சேரியின் அறிமுகத் தொடரான விஜய் ஹசாரே கோப்பை தொடங்கியதுமே, அணியின் 8 வீரர்களுக்குக் கொடுத்த தகுதியை பிசிசிஐ திரும்பப் பெற்றது. அதை ஊடகங்கள் பெரிதாகப் போட்டன. ஊர்க்காரர்களுக்கு வருத்தம்தான். ஆனால் அது செய்தி. போடாமல் விட்டிருந்தால்தான் தவறு.

சென்னை டெஸ்க், புதுச்சேரி பக்கம்

புதுச்சேரிக்குத் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த யூனியன் பிரதேசம் ஒரே துண்டாக இல்லை. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டை ஒட்டி. மாஹே கேரளக் கடற்கரையில். ஏனாம் ஆந்திரப் பக்கம். ஒரே அணியின் ரசிகர்கள் 3 மொழிகளில் செய்தி பார்க்கிறார்கள். எந்த மொழிச் சேனலுக்கும் இது முழுக்க 'நம்ம டீம்' இல்லை.

தமிழ் சேனல்களின் விளையாட்டு டெஸ்க் பெரும்பாலும் சென்னையில். அங்கே முதல் அணி தமிழ்நாடு. டிஎன்பிஎல் 2016-இல் தொடங்கிய பிறகு திண்டுக்கல், நெல்லை, சேலம் என்ற பெயர்கள் வீட்டு வரவேற்பறைக்கு வந்தன. புதுச்சேரி அந்த வரைபடத்தில் இல்லை.

அப்படியானால் செய்தியே வருவதில்லையா? வருகிறது. தமிழ் நாளிதழ்களின் புதுச்சேரிப் பதிப்புகளில் உள்ளூர் போட்டி, பள்ளி அணிகளின் வெற்றி, பரிசளிப்பு விழா எல்லாம் படத்தோடு வரும். அரியாங்குப்பம், வில்லியனூர், பாகூர் கொம்யூன் செய்திகளுக்கும் அதில் இடம் உண்டு. ஆனால் அந்தப் பக்கம் புதுச்சேரி எல்லையோடு நின்றுவிடும். திண்டிவனம் தாண்டினால் அதே நாளிதழில் அந்த இடத்தில் வேறு செய்தி இருக்கும்.

இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. செய்தி இருக்கிறது, ஆனால் பயணம் செய்வதில்லை. ஊர்க்காரர்கள் படித்து மகிழ்வார்கள். மும்பையில் இருக்கும் தேர்வாளரோ, ஐபிஎல் அணிக்கு ஆள் தேடுபவரோ அதைப் பார்க்கப் போவதில்லை.

யாருக்கு நஷ்டம்?

ரசிகருக்கு வருத்தம், அவ்வளவுதான். நிஜ நஷ்டம் வீரருக்கு.

உள்ளூர் அணிகள் வெளிமாநில வீரர்களை 'புரொஃபஷனல்' என்ற பெயரில் சேர்த்துக்கொள்ளலாம். அதிகபட்சம் 3 பேர். புதுச்சேரிக்கு இப்படி வந்தவர்களில் இந்தியாவுக்காக ஆடிய பங்கஜ் சிங், வினய் குமார் உண்டு. ரஞ்சியில் ரன் குவித்த பரஸ் டோக்ரா உண்டு. டெல்லியைச் சாய்த்த கௌரவ் யாதவும் மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்தவர்தான்.

அவர்கள் வந்ததால் அணிக்குப் பலம் கூடியது, இளைஞர்கள் பக்கத்திலிருந்து கற்றுக்கொள்ளவும் வாய்ப்பு. ஆனால் செய்தி வரும் அந்தச் சில நேரங்களிலும் பெயர் அவர்களுடையதாகவே இருக்கிறது. உள்ளூர் பையன் இரண்டு முறை மறைகிறான். நாட்டின் பார்வையில் டெல்லிக்குப் பின்னால், சொந்த அணியின் செய்தியில் பிரபலத்துக்குப் பின்னால்.

சிறிய அணிக்கு வெளிச்சம் விழுந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? அதுவும் நிச்சயம் இல்லை. 2022-இல் நியூஜெர்சியின் சின்னக் கல்லூரியான செயின்ட் பீட்டர்ஸ், கென்டக்கி என்ற ஜாம்பவானை வீழ்த்தி கடைசி 8 அணிகளுக்குள் நுழைந்தது. தரவரிசையில் 15-ஆம் இடம் கொடுக்கப்பட்ட அணி அவ்வளவு தூரம் போனது அதுவே முதல் முறை. ஒரு வாரம் அமெரிக்காவே அவர்களைக் கொண்டாடியது. சீசன் முடிந்ததும் பயிற்சியாளர் பெரிய கல்லூரிக்குப் போனார். முக்கிய வீரர்களும் கிளம்பினார்கள். ஒரு நாள் வெளிச்சம் ஆளைத் தூக்கிவிடும், அணியைத் தூக்கிவிடாது. வருடம் முழுக்க வரும் சாதாரணச் செய்திதான் அணிக்கு உதவும்.

விதர்பாவைப் பாருங்கள். 2017-18, 2018-19 என்று அடுத்தடுத்து 2 முறை ரஞ்சி சாம்பியன். மீண்டும் 2024-25-இல் கேரளாவை இறுதிப்போட்டியில் சந்தித்துக் கோப்பை வென்றது. இப்போது விதர்பா ஜெயித்தால் அதை யாரும் அதிர்ச்சி என்று எழுதுவதில்லை. எதிரணி தோற்றது என்ற கோணமும் குறைந்துவிட்டது. திரும்பத் திரும்ப ஜெயிக்கும்போது தலைப்பின் எழுவாய் மாறுகிறது.

நிஜமா, பிரமையா? நீங்களே சோதிக்கலாம்

கோபம் வரும்போது இந்த 6 கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. எண்ணிப் பார்த்தீர்களா? ஒரு சேனலின் விளையாட்டுச் செய்தியை 2 வாரம் கவனியுங்கள். எந்த அணிக்கு எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஞாபகத்தை நம்ப வேண்டாம்.

2. ஒப்பிட வேண்டியது யாரோடு? புதுச்சேரியை மும்பையோடு ஒப்பிடாதீர்கள். கோவா, திரிபுரா, சத்தீஸ்கர் போன்ற அணிகளோடு ஒப்பிடுங்கள். அவர்களுக்கும் அதே அளவுதான் என்றால், குறி புதுச்சேரி அல்ல.

3. தலைப்பின் எழுவாய் யார்? ஜெயித்த அணியா, தோற்ற அணியா? 10 தலைப்புகளை எடுத்துப் பாருங்கள். சொல்லும் விதத்தில் உள்ள சாய்வு இதில் பிடிபடும்.

4. யாருக்கு ஒளிபரப்பு உரிமை? லீக்கைப் புகழும் சேனலே அதன் உரிமையாளரா, ஒளிபரப்பாளரா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

5. முடிவெடுத்தது யார்? செய்தி போட்டது ஊடகம். அணியில் எடுத்தது தேர்வாளர். அட்டவணை போட்டது வாரியம். யார் மீது புகார் என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

6. எதிரணி ரசிகர் என்ன சொல்கிறார்? அவரும் அதே சேனலை "எங்களுக்கு எதிரி" என்கிறார் என்றால், ஒரு நிமிடம் யோசிப்பது நல்லது.

ஊரிலிருந்து என்ன செய்யலாம்?

செய்தி அறைகளின் நடைமுறை தெரிந்தால் கொஞ்சம் மாற்றலாம். மாலை புல்லட்டினுக்கு முன்பே ஸ்கோர், தெளிவான ஒரு படம், வீரரின் சரியான பெயர், ஊர், வயது ஆகியவை செய்தியாளர் கையில் இருந்தால் செய்தி வர வாய்ப்பு அதிகம். மறுநாள் காலையில் பரிசளிப்பு விழாப் படத்தை மட்டும் அனுப்பினால், கோப்பை கொடுத்த பிரமுகர் பெயர் வரும், ஆடிய பையன் பெயர் வராது. உள்ளூர் கிளப்புகள் பல இடங்களில் கோட்டை விடுவது இங்கேதான்.

ஊடகங்களின் பக்கமும் வேலை இருக்கிறது. ஜெயித்த அணியைத் தலைப்பின் முதல் சொல்லாக்க கூடுதல் செலவு எதுவும் இல்லை. அணியில் வெளியூர் வீரர் யார், உள்ளூர் வீரர் யார் என்று ஒரு வரி சேர்க்கவும் இடம் போதும். 19 ஆட்டங்களையும் காட்ட முடியாது. 19 முடிவுகளையும் ஒரே மரியாதையோடு சொல்ல முடியும்.

சுருக்கமாக

• விளையாட்டுச் செய்தியில் சாய்வு இருக்கிறது. பெரும்பாலும் அது வெறுப்பால் வருவதில்லை. பணம், நட்சத்திரம், செய்தி அறை இருக்கும் ஊர் ஆகியவற்றால் வருகிறது.

• அந்தச் சாய்வை ரசிகரின் கண் பெரிதாக்கியும் காட்டும். எண்ணிப் பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது.

• வேண்டுமென்றே செய்யப்படாவிட்டாலும் விளைவு நிஜம். பாதிக்கப்படுவது சிறிய அணியின் உள்ளூர் வீரர்.

• அதிர்ச்சி வெற்றி ஒரு நாள் செய்தி. தொடர்ந்து வரும் சாதாரணச் செய்திதான் ஒரு அணியை ஊர் எல்லை தாண்டிக் கொண்டு போகும்.

அடுத்த முறை புதுச்சேரி ஒரு பெரிய அணியைத் தோற்கடிக்கும்போது, தலைப்பில் முதலில் எந்த ஊர் பெயர் வருகிறது என்று பாருங்கள். பாரபட்சம் இருக்கிறதா, குறைகிறதா என்பதற்கு அதைவிட எளிய அளவுகோல் இல்லை.